இரண்டாவது பொட்டலத்தில் இருந்தது சிவப்பு

செவ்வாய்க்கிழமை காலை பூசைக்குப் பூப் பறித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மலாக்கா பக்கத்துப் பாயா ரும்புட்டிலிருந்து காத்தாயியின் மகள் பேசினாள். "பெரியம்மா, அம்மா போய்ட்டாங்க. தூக்கத்துலயே," என்றாள். கையிலிருந்த தட்டில் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் கலந்து கிடந்தன. செம்பருத்தியை மட்டும் பொறுக்கி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, மகனை வண்டி எடுக்கச் சொன்னேன்.

அங்கே போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்தப் பூவை அவள் கூந்தலில் செருகினேன். பக்கத்தில் நின்ற உறவுக்காரப் பெண் ஒருத்தி பதறினாள். "என்னம்மா இது? புருஷன் போயி பத்து வருஷம் ஆச்சு, செவப்புப் பூவ வெக்கிறீங்க!" என்றாள். "வெச்சாச்சு. எடுக்கணும்னு நெனைக்கிறவங்க முன்னால வாங்க," என்றேன். யாரும் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கூடியிருந்தபோது, அவளிடம் படித்த ஒருவர் எழுந்து பேசினார். நல்ல மனதோடுதான் பேசினார். "டீச்சர் ஆசிரியர் தேர்வு எழுதலாமா கூடாதா என்று அந்தக் காலத்தில் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். மூன்று முறையும் வெள்ளைப் பூ விழுந்தது. அம்மன் உத்தரவு கொடுத்தாள், டீச்சர் ஆனார்," என்றார். கூட்டத்தில் பலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். துக்க வீட்டில் வழக்கு வேண்டாம் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் இப்போது எழுதுகிறேன். மூன்று முறையும் வெள்ளை விழவில்லை. அந்தப் பூப் பொட்டலங்களைக் கட்டியவள் நான்.

நீங்கள் டீச்சர் என்று அழைத்தவளை நான் அவள் என்றே எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவள் பக்கத்து வீட்டுக் காத்தாயிதான்.

செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு நான் கல்யாணமாகி வந்தபோது எனக்கு வயது பத்தொன்பது, அவளுக்குப் பதினேழு. மலாயாவில் அவசரகாலம், காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த தொழிலாளர் வரிசை வீடுகளை, லயங்களையெல்லாம், ஓரிடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்தினால் விடியும்வரை ஓர் ஆள் நகர முடியாது. காலையில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவோமாம். கேட்டில் போலீஸ்காரர்கள் தூக்குவாளியைத் திறந்து மோந்து பார்ப்பார்கள். அப்படி மோந்து பார்க்கப்பட்ட வாளிகளில் ஒன்று காத்தாயியுடையது.

லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். நான் வந்த இரண்டாம் வாரம், நண்பகலுக்குமேல், சுவருக்கு மேலாக ஒரு குரல் வந்தது. "அக்கா, ஒரு பையில நாலு வெள்ளப் பந்து, நாலு செவப்புப் பந்து. பாக்காம ஒண்ண எடுத்தா வெள்ளையா இருக்குறதுக்கு எத்தனையில ஒண்ணு?"

"பந்து வெச்சி வெளையாடுற வயசா உனக்கு?" என்றேன்.

"வெளையாட்டு இல்லக்கா. பரீட்ச."

அவள் அண்ணன் கோவிந்தன் முந்தின வருடம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு நுழைவுத் தேர்வு எழுதித் தோற்று, தோட்டத்து லோரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் மூலையில் போட்டுவிட்ட கணக்குப் புத்தகத்தை இவள் எடுத்துக்கொண்டாள். பெண்பிள்ளைகளும் எழுதலாம் என்று அறிவிப்பு வந்திருந்தது. எழுத ஆட்கள் ஏராளம், எடுக்கும் இடம் கொஞ்சம். புத்தகத்தின் கடைசிப் பாடம் வாய்ப்புக் கணக்கு. இப்போது பிள்ளைகள் நிகழ்தகவு என்கிறார்கள். கோவிந்தன் அந்தப் பாடத்தைத் திறந்தே பார்க்கவில்லை, தாள்கள் வெட்டாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. "எல்லாரும் விட்டுட்டுப் போற எடத்துலதான் நமக்கு மார்க்கு," என்பாள் காத்தாயி.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அவள் கணக்குப் போடுவாள், நான் பின்பக்கத்தில் விடை பார்த்துச் சொல்வேன். லயத்தில் கடிகாரம் கிடையாது. அதனால் சாமி படத்துக்கு நான் ஏற்றும் ஊதுவத்திதான் எங்களுக்கு மணி. ஒரு வத்தி எரிந்து முடிவதற்குள் ஐந்து கணக்கு போட்டாக வேண்டும். முதல் வாரம் மூன்றில் நின்றாள். ஒரு மாதத்தில் ஆறுக்கு வந்தாள். "அக்கா, உங்க சாமிக்கு இப்பதான் தெனம் தெனம் நாலு வத்தி கெடைக்குது. என்னால புண்ணியம் உங்களுக்கு," என்று சிரிப்பாள்.

பந்துக்கு எங்கே போவது? ரப்பர் கொட்டை பொறுக்கி வந்தாள். நான்கில் வெற்றிலைச் சுண்ணாம்பு தடவி வெள்ளை என்றும், மற்ற நான்கை அப்படியே விட்டுச் சிவப்பு என்றும் வைத்துக்கொண்டு, சுருக்குப் பையில் போட்டோம். எடுத்து, பார்த்து, திரும்பப் போட்டுக் குலுக்கி, மறுபடி எடுப்போம். எதையும் குறித்து வைப்பது என் வழக்கம். என்ன சமைத்தேன், எந்த நாள் விரதம், யார் வந்து போனார்கள் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கும். அதே நோட்டில் இதையும் கோடு கோடாகக் குறித்தேன். நூறு முறை எடுத்தபின் கூட்டிப் பார்த்தால் வெள்ளை எழுபத்தொன்று.

"புத்தகம் பொய் சொல்லுது. பாதிக்குப் பாதி வரணும்னுச்சே," என்றேன் நான்.

அவள் என் நோட்டையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு பைக்குள் கையை விட்டு, எடுக்காமல், விரலால் துழாவினாள். சுண்ணாம்பு தடவிய கொட்டை சொரசொரப்பு. தடவாதது வழவழப்பு, நழுவிப்போகிறது. "புத்தகம் பொய் சொல்லலக்கா. நம்ம கை பாக்குது. கண்ண மூடுனாலும் கை பாக்குது," என்றாள்.

சுண்ணாம்பை எல்லாக் கொட்டைக்கும் தடவினோம். சிவப்பு வேண்டிய நான்குக்கு மட்டும் அதில் மஞ்சளைக் குழைத்தோம். ஆரத்தித் தண்ணீர் சிவப்பாவதுபோல அதுவும் சிவந்தது. இப்போது எல்லாம் ஒரே சொரசொரப்பு. அடுத்த நூறில் வெள்ளை நாற்பத்தெட்டு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோயிலில் தீபாராதனை பார்க்கும்போது வருமே, அந்தச் சிலிர்ப்பு.

தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது கேட்டில் மாட்டிக்கொண்டாள். வேலைக்குப் போகிற வழியில் மனப்பாடம் செய்ய, மூன்று முறை எடுத்தால் எப்படியெல்லாம் விழலாம் என்று ஒரு தாளில் எழுதி இடுப்பில் செருகியிருந்தாள். வெ வெ வெ, வெ வெ சி, வெ சி வெ என்று எட்டு வரி. சோதித்தவர்கள் அதைக் காட்டுக்குள் போகிற சங்கேதம் என்று பிடித்து, ஆபீசுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், மொழிபெயர்க்கத் தோட்டத்து ஆபீஸ் கணக்கர், கிராணியார். அவள் அம்மாவும் நானும் வெளியே ஜன்னலோரம் நின்று கேட்டோம்.

"இது என்ன எழுத்துன்னு தொரை கேக்குறாரு. உண்மையச் சொல்லிடு பிள்ள," என்றார் கிராணியார்.

"கணக்குங்கய்யா. எட்டு வழிதான் இருக்கு. ஒம்பதாவதா ஒரு வழி இருந்தா தொரைய எழுதிக் காட்டச் சொல்லுங்க. காட்டிட்டாருன்னா என்னய லோரியில ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

"அடியே, இப்படியெல்லாமா பேசுறது!" என்றார் கிராணியார்.

"அப்படியே சொல்லுங்கய்யா. ஒரு வார்த்த கொறைக்காம."

கிராணியார் குறைத்தாரோ கூட்டினாரோ தெரியாது. அந்த அதிகாரி பென்சிலை எடுத்துக்கொண்டு வெகுநேரம் எழுதி எழுதி அடித்தார். கடைசியில் சிரிக்கவில்லை, பாராட்டவில்லை. தாளின் மூலையில் ஒரு கிறுக்கல் கையெழுத்துப் போட்டு அவளிடமே நீட்டிவிட்டார். அந்தக் கையெழுத்தால் அவள் தப்பினாள் என்று சொல்ல மாட்டேன். ஒன்பதாவது வழி இல்லாததால் தப்பினாள்.

ஆனால் அவள் அப்பா சின்னசாமி மாமா ஆடிப்போனார். "பேரு எழுதிட்டானுங்க. இனிமே புத்தகமும் வேணாம், பரீட்சையும் வேணாம். மரத்த வெட்டு, வர்ற தை மாசம் ஒருத்தன் கையில புடிச்சிக் குடுக்குறேன்," என்றார். அவர் சம்மதிக்காமல் முடியாது. ஒருமுறை நிறுத்தி விசாரிக்கப்பட்டவள் தோட்டத்தைவிட்டு ஒரு நாள் வெளியே போக, வீட்டுப் பெரியவர் பொறுப்பேற்றுக் கைநாட்டு வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மலாக்கா டவுனுக்கு பஸ் ஏற முடியாது. தேர்வு இல்லை.

அவள் அம்மா அழுது மன்றாடியதில் மாமா ஒரு வழிக்கு வந்தார். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் ஒரு பொட்டலத்தில் வெள்ளை, ஒரு பொட்டலத்தில் சிவப்பு என்று பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் போகக் கூடாது. "ஒரு தடவைன்னா ஏதோ ஒண்ணு விழுந்துடும். மூணு தடவ எடுக்கணும், மூணும் வெள்ளையா வரணும். அப்பதான் அது உத்தரவு," என்றார். கேட்டவர்களுக்கு அது கூடுதல் பக்தியாகத்தான் பட்டது. எனக்கும்தான். விரதக்காரி, சுத்தக்காரி என்று பொட்டலம் கட்டுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை குழாயடியில் காத்தாயி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையவே வெச்சிக் கட்டிடாதீங்க."

நான் நினைத்திருந்தது அதைத்தான். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே லா! பொய்யா ஜெயிச்சேன்னா, அடுத்த தடவையும் பூவக் கேட்டுத்தான் நான் வாசல் தாண்டணும். எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. செம்பருத்தி பெருசு, நந்தியாவட்ட சிறுசு. பொட்டலம் கட்டுனா செவப்புதான் புடைச்சிக்கிட்டு நிக்கும். எடுக்கப்போறது சின்னக் கொழந்த. பெருசத்தான் எடுக்கும். கை பாக்கும்க்கா. ரெண்டையும் ஒரே பருமனாக் கட்டுங்க. அது போதும்."

"மூணும் வெள்ளையா வரணுமேடி."

"எட்டுல ஒண்ணு," என்றாள். ஊதுவத்தி எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. "நடக்கட்டும். எல்லார் முன்னாலயும் நடக்கட்டும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனையோ வருடமாக எத்தனையோ பெண்பிள்ளைகளுக்கு முழுச் செம்பருத்தியை வைத்து, இந்தக் கோயிலில் பொட்டலம் கட்டியிருக்கிறோம். யாரும் வஞ்சகமாகக் கட்டவில்லை. பூ பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை செம்பருத்தியின் இதழ்களை மட்டும் பிரித்து, நந்தியாவட்டையின் அளவுக்குச் சரிபார்த்து, ஒரே அகல வாழையிலைத் துண்டுகளில் மூன்று ஜோடி கட்டினேன். அம்மன் முன்னால் முதல் ஜோடியை வைத்தார் பூசாரி. அவருடைய நான்கு வயதுப் பேத்திதான் எடுத்தாள். பிரித்தால் வெள்ளை. பெண்கள் குலவை போட்டார்கள். இரண்டாவது ஜோடி. குழந்தை கையை நீட்டி, யோசித்து, எடுத்தது. பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

"போதும். ஆத்தா சொல்லிட்டா," என்று மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்பா, ஒரு நிமிஷம்," என்றாள் காத்தாயி. "அண்ணன் பரீட்சைக்குப் போனப்ப எத்தன தடவ எடுத்தீங்க?"

மாமா அம்மன் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அம்மாதான் மெதுவாக, "ஒரு தடவ," என்றாள்.

"அண்ணனுக்கு ரெண்டுல ஒண்ணு. எனக்கு எட்டுல ஒண்ணு. ஆம்பளப் புள்ளைக்கு ஒரு தடவ, பொம்பளப் புள்ளைக்கு மூணு தடவன்னு ஆத்தாவா வந்து சொன்னா? பூவ விழ வெக்கிறது ஆத்தா. எத்தன தடவன்னு வெச்சது நீங்க."

"சன்னதில வழக்காடாதம்மா," என்றார் பூசாரி.

"நான் ஆத்தாகிட்ட வழக்காடல தாத்தா. எங்கப்பாகிட்ட வழக்காடுறேன். ஆத்தா சாட்சி."

"வாய் நீளத்தப் பாத்தியா," என்று பின்னால் ஒருத்தி முனகினாள். அப்போது கோவிந்தன் தொண்டையைக் கனைத்தான். "எனக்கு வெள்ளதாம்ப்பா வந்துச்சு. போனேன். பெயிலாயிட்டேன். இப்ப லோரியில மூட்ட ஏத்துறேன்," என்றான். கோயில் என்றும் பார்க்காமல் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

நான் அதுவரை கூட்டத்தில் வாய் திறந்து பேசியவள் அல்ல. என் மாமியார் முறைத்துக்கொண்டிருந்தது தெரிந்தும் முன்னால் போனேன். பூசாரி கையிலிருந்த சிவப்பு இதழ்களை வாங்கிக் கண்ணில் ஒற்றி, காத்தாயி தலையில் வைத்தேன். "ஆத்தாளுக்குச் சாத்துற பூவு இது. இது வேணாத பூவுன்னா கோயில் வாசல்ல எதுக்கு நட்டு வெச்சிருக்கீங்க? அவ குடுத்தா, நாங்க வெச்சிக்கிட்டோம்," என்றேன். மூன்றாவது ஜோடியை யாரும் பிரிக்கவில்லை. அதை என் முந்தானையில் முடிந்து எடுத்து வந்துவிட்டேன்.

மாமா மூன்று வாரம் மகளோடு பேசவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் ஆபீசுக்குத் தானே நடந்துபோனார். "எட்டுல ஒண்ணுன்னு சொல்லி என்னயக் கோயில்ல வெச்சி மானத்த வாங்குனா. நான் கைநாட்டு. எனக்கு என்ன கணக்குத் தெரியும்?" என்று கிராணியாரிடம் சொல்லிக்கொண்டே கட்டைவிரலை அழுத்தி வைத்தாராம். கிராணியார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அவள் போனாள், எழுதினாள், தோற்றாள்.

ஆமாம். அந்த வருடம் அவள் பெயர் பட்டியலில் வரவில்லை. இதைத்தான் பதினாறாம் நாள் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. "ஆத்தா அப்பவே சொன்னா, கேட்டாளுகளா?" என்று குழாயடியில் எனக்குக் கேட்கும்படி பேசினார்கள். உண்மையை எழுதுகிறேன், எனக்கும் உள்ளுக்குள் ஆடியது. அன்று விரதம் இருந்தேன். பிற்பகலில் சுவருக்கு மேலாகக் குரல் வந்தது.

"அக்கா, வெள்ளப் பூ வந்த அண்ணனும் பெயிலு. செவப்புப் பூ வந்த நானும் பெயிலு. அப்ப பூவுக்கும் பரீட்சைக்கும் என்னக்கா சம்மந்தம்?"

அழுதுகொண்டே சிரித்தேன்.

"எழுதாதவளுக்கு சைபரு. எழுதுனவளுக்கு எத்தனையிலயோ ஒண்ணாவது இருக்கு. மூணாவது ஜோடி இன்னும் பிரிக்கலக்கா. வத்திய ஏத்துங்க," என்றாள்.

ஏற்றினேன். அடுத்த வருடம் யாரையும் கேட்கவில்லை, எந்தப் பூவும் கட்டவில்லை. மரம் வெட்டிக்கொண்டே படித்தாள், ஒரு வத்திக்கு எட்டுக் கணக்கு போட்டாள், தேறினாள். நாங்கள் கூப்பிடாமலே மாமா கைநாட்டு வைக்க வந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். சிம்பாங் அம்பாட் பக்கத்துப் பள்ளியில் அவளிடம் படித்த பெண்பிள்ளைகள் இதைப் படிக்கும்போது நினைத்துப் பாருங்கள். "ஜாதகத்தில் படிப்பு இல்லை, நிறுத்திவிடுகிறோம்," என்று உங்கள் அப்பா வந்து நின்றபோது டீச்சர் என்ன கேட்டாள்? "ஒங்க மகனுக்கும் பாத்தீங்களா? பாத்துட்டுத்தான் ஸ்கூலுக்கு அனுப்புனீங்களா?" அவ்வளவுதான் கேட்பாள். சாமியைப் பழித்து ஒரு வார்த்தை அவள் பேசிக் கேட்டதில்லை. என்னோடு கோயிலுக்கு வருவாள், என்னைவிட நேரம் கும்பிடுவாள். "ஆத்தாகிட்ட என்ன வேணும்னாலும் கேளுங்கக்கா. ஆனா எத்தனையில ஒண்ணுன்னு யாரு முடிவு பண்ணதுன்னு மட்டும் பாத்துக்கங்க," என்பாள்.

மூன்று முறையும் வெள்ளை விழுந்தது என்று சொல்லும்போது அம்மனைப் பெருமைப்படுத்துவதாக நினைக்கிறோம். அந்தப் பிள்ளை எழுந்து நின்று பேசியதையும், தோற்றதையும், மறுபடி படிக்க உட்கார்ந்ததையும் எடுத்து ஒளித்துவைக்கிறோம். அம்மனுக்கு அது தேவையில்லை. அவளைத் தினமும் கும்பிடுகிற எனக்குத் தெரியும்.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பவற்றைச் சொல்லி முடிக்கிறேன். மூலையில் கிறுக்கல் கையெழுத்துப் போட்ட, எட்டு வரி எழுதிய தாள் ஒன்று, மடிப்பில் கிழிந்திருக்கிறது. ரப்பர் கொட்டை எட்டு, சுண்ணாம்பு உதிர்ந்து இப்போது எது வெள்ளை எது சிவப்பு என்று தெரியாது. அன்று முடிந்து வந்த மூன்றாவது ஜோடி சருகாகி, நார் மட்டும் மிச்சம். நான் அதைப் பிரித்துப் பார்க்கவே இல்லை. எல்லாம் பூசை மாடத்தில் அம்மன் படத்துக்குக் கீழே இருக்கின்றன.

இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. கோயிலில் எழுந்து நிற்க அன்று அவள் சொல்லிக்கொடுக்காமலே நான் கற்றுக்கொண்டது. எனக்கு எண்பத்தேழு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன, எழுந்திருக்க நேரமாகும். ஆனாலும் இனி எந்தக் கூட்டத்தில் யார் மூன்றும் வெள்ளை என்று சொன்னாலும், சுவரைப் பிடித்துக்கொண்டாவது எழுந்து நின்று சொல்வேன்: இரண்டாவது விழுந்தது சிவப்பு. அதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் எங்கள் காத்தாயி போனாள்.